மல்லிக்கு அரை அடி

இன்னும் ஒரே ஒரு ஆணி. இது மட்டும் நேரா இறங்கிட்டுன்னா நான் தச்சன்தான், எவன் வந்து இல்லன்னு சொல்லுதான்னு பாப்போம். இறங்கு, இறங்கு, சாயாத, ஏ மூதி, சாயாதன்னு சொல்லுதேன்லா... ஆங், இறங்கிட்டு. கோவில்பட்டியில பாதிப் பேருக்குக் கிளட்ச் மிதிக்கச் சொல்லிக் குடுத்த தவசிமுத்து, அம்பது வயசு தாண்டுற வரைக்கும் சொவத்துல ஒரு காலண்டர் மாட்டணும்னாக்கூட ஆள் கூப்பிட்ட மனுசன், இன்னைக்கு ஒத்தையில, யார் தயவும் இல்லாம, செடி வைக்க ஒரு பெட்டி செஞ்சு நிறுத்திருக்கேன். டிரில் மெசின் மட்டும் கீழ வெல்டிங் பட்டறை ஞானதுரைகிட்ட வாங்குனது. அதுவும் மெசின் மட்டுந்தான், ஆள் வேண்டாம்னுட்டேன். “நான் வந்து போட்டுத் தாரேன் அண்ணாச்சி, அஞ்சு நிமிசம்”னான். “உன் அஞ்சு நிமிசத்த நீயே வச்சுக்கல”ன்னேன். நான் செய்யணும். என் கையால செய்யணும். கட்டைவெரல் நகம் கறுத்துப் போச்சு, உள்ளங்கையில கொப்புளம், மரத்தூள் மூக்குல ஏறித் தொண்டை வரைக்கும் கசக்குது, வேப்பமரம்லா, கசக்காம என்ன செய்யும். கசக்கட்டும். கசக்குற மரத்துலதான் கரையான் வாய் வைக்காது, ஈர மண்ணு போட்டாலும் பத்து வருசம் நிக்கும். இதெல்லாம் யாரு எனக்குச் சொல்லித் தந்தா? யாரும் சொல்லித் தரல. நானா யோசிச்சேன். முன்னப்பின்ன ரம்பம் புடிச்சவன் இல்ல, ஆனாலும் பாருங்க, நாலு மூலையும் மூலையாவே இருக்கு. சரி, மூணு மூலை. நாலாவது மூலையில ஒரு வெரல் போற சந்து இருக்கு, அது சொவத்துப் பக்கம் போயிரும், யாருக்குத் தெரியப் போகுது.

இந்தப் பெஞ்சு சாதாரணப் பெஞ்சா? டிரைவிங் ஸ்கூல் ஆபீசுல, ஸ்கூல் ஆரம்பிச்ச நாள்ல இருந்து கெடந்தது. எல்எல்ஆர் எடுக்க வந்தவன், எட்டுப் போடப் பயந்தவன், எட்டுப் போடையில கால ஊனிட்டு மூக்கச் சிந்திக்கிட்டே வந்த புள்ளைக, அத்தன பேரும் இதுலதான் உக்காந்து தேச்சாங்க. உக்காந்தவன் சும்மா இருப்பானா, கையில சாவி இருக்கு, கீழ பலகை இருக்கு. அவனவன் பேரு, அவனவன் ஆள் பேரு, நடுவுல ஒரு அம்பு. ஸ்டீல் நாற்காலி வாங்கிப் போட்ட பொறவு இத வெறகுக்குப் போடச் சொன்னாங்க. எனக்கு மனசு வரல. ரெண்டு வருசமா மாடிப்படிக்கடியில கெடந்து தூசி தின்னுச்சு. அத வெளிய இழுத்துப் போட்டு, உக்காந்து பாத்து, ஒரு டீ குடிச்சு, மறுபடியும் பாத்தப்போதான் மண்டையில பளிச்சுன்னுது. உக்காருற எடத்துல மூணு பலகை. நடுப் பலகை அப்படியே இருக்கட்டும், அதான் அடி. ஓரத்துப் பலகை ரெண்டையும் கழத்தி, நிமித்தி, ரெண்டு பக்கமும் வச்சு அடிச்சா அதான் செவரு. சாயுற பலகை ரெண்டுல ஒண்ண அறுத்து ரெண்டு தலமாட்டுக்கும் வச்சா முடிஞ்சுது சோலி. பெஞ்சு காலு பெட்டிக்குக் காலு. ரொம்பக் குனியாம தழை கிள்ளலாம். இத ஒரு இஞ்சினியர் யோசிச்சிருப்பானா? யோசிச்சிருக்க மாட்டான். பேரெல்லாம் இருக்குற பக்கத்த வெளிய காட்டவா உள்ள திருப்பவான்னு மட்டும் ரொம்ப நேரம் முழிச்சேன். வெளிய இருந்தா பாக்க வேடிக்கையாத்தான் இருக்கும். ஆனா வேண்டாம். அம்சவேணி வீட்டுப் பெட்டியில அடுத்தவ பேரு எதுக்கு? மண்ணுக்குள்ள போகட்டும்னு உள்ள திருப்பிட்டேன்.

ஏற்கெனவே அவ புழங்குற பாத்திரம் பூராவும் அடுத்தவ பேருதான். அண்டா, குண்டா, தூக்குச்சட்டி, ஒரு சின்ன ஸ்பூனக்கூட விடல, தவசிமுத்து சண்முகவடிவுன்னு புள்ளி புள்ளியா வெட்டி வச்சிருக்கு. என் மொத சம்சாரம் வடிவு போய்ச் சேந்து ஆறு வருசம் ஆச்சு. அவ நல்ல மகராசி, அவளப் பத்தி ஒரு கொற சொல்ல முடியாது, ஆனா பாத்திரம் போகலயே, பாத்திரத்துல பேரும் போகலயே. அம்சவேணி எனக்கு வாக்கப்பட்டு வந்து ஏழு மாசம். அந்தப் பாத்திரத்துல பொங்குதா, அந்தப் பாத்திரத்துல வெளக்குதா, ஒரு நாளு மூஞ்சி சுளிச்சதில்ல. “புதுசா எடுத்துருவோமா?”ன்னு கேட்டேன். “இருக்குறதே போதுங்க”ன்னா. என்னத்தக் கேட்டாலும் “பரவால்லங்க”, என்னத்தச் சொன்னாலும் “சரிங்க”. மெட்ராசுல பெரம்பூர்ல பெறந்து வளந்தவ, அங்க ஒரு மருந்துக்கடையில பில் போட்டுக்கிட்டு, புருசன் செத்துப் பதினோரு வருசம் அண்ணன் வீட்டுல இருந்தவ. அண்ணன் வீட்டுல இருந்து இருந்து அந்தப் பழக்கமே ஒட்டிக்கிட்டு போல, எடத்த அடைக்காம இருக்கணும், சத்தம் வராம நடக்கணும், நமக்குன்னு ஒண்ணும் கேக்கக் கூடாது. நான் அலமாரியில ரெண்டு தட்டு காலி பண்ணிக் குடுத்தேன். இன்னைக்கு வரைக்கும் அந்த ரெண்டு தட்டும் காலியாத்தான் கெடக்கு. அவ சேலை எல்லாம் கட்டிலுக்கடியில அவ கொண்டாந்த பெட்டியிலதான் இருக்கு. காலையில பெட்டிய இழுப்பா, ஒரு சேலை எடுப்பா, பெட்டிய மூடி உள்ள தள்ளிருவா. அந்தப் பெட்டி தரையில உரசுற சத்தம் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஏய், இது உன் வீடுன்னு கத்தணும் போல இருக்கும். கத்துனா மட்டும் ஆயிருமா? வண்டிக்குள்ள கத்திக் கத்தி எத்தனையோ பேருக்கு ஸ்டியரிங்கு பழக்கிட்டேன், இதுக்குக் கத்துனா வேலைக்கு ஆகாது. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், இவ இந்த வீட்டுல வீட்டுக்காரியா இருக்கணும். விருந்தாளியா இருந்தது போதும்.

அப்படி இருக்கையிலதான் போன வியாழக்கெழம, மெட்ராசுக்கு அண்ணனப் பாக்கப் பொறப்படுறதுக்கு முன்னால, இதே பால்கனியில நின்னு, கம்பியில கை வச்சுக்கிட்டு, என்னயப் பாக்காம தெருவப் பாத்துச் சொன்னா: “இங்க ஒரு மல்லி வெச்சா நல்லா இருக்கும்லங்க.” அவ்வளவுதான். கேட்டுட்டாளே. ஏழு மாசத்துல மொத மொதலா ஒண்ணு கேட்டுட்டாளே. “வச்சிருவோம், அதுக்கென்ன”ன்னு சும்மா சொன்ன மாதிரி சொல்லிட்டேன், ஆனா உள்ளுக்குள்ள எனக்குப் போட்டிருந்த சட்டை பத்தாம போன மாதிரி ஆயிட்டு. மல்லி. ரசத்துக்கு நாலு தழை கிள்ளிப் போடணும்னு தோணிருக்கு. அடுப்படியில ஒரு பொம்பளைக்கு ஆசை வந்துட்டுன்னா அது அவ அடுப்படி ஆயிட்டுன்னுதான அர்த்தம்? ஒரு தகர டப்பாவுல மண்ணப் போட்டுத் தூவிருக்கலாம். தகர டப்பா எதுக்கு? கேட்டது யாரு, அம்சவேணி. செய்யுறது யாரு, தவசிமுத்து. மல்லி, புதினா, ஓமவல்லி, ஒரு ஓரத்துல துளசி, எல்லாம் வரிசையா நிக்கிற மாதிரி நீளமா, கம்பீரமா, தெருவுல போறவன் அண்ணாந்து பாத்துட்டுப் போற மாதிரி செய்யணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். ஆனா ஒண்ணு. போகும்போது அந்தச் சேலைப் பெட்டியையும் எடுத்துட்டுப் போயிட்டா. நாலு நாளைக்கு எதுக்கு அத்தன சேலை? ஒரு பையில ரெண்டு எடுத்து வச்சாப் போதாதா? ரயிலடியில பெட்டியத் தூக்கி ஏத்துனது நான்தான், கனத்துச்சு. பூராவும் உள்ள இருக்கு. வீட்டுக்கு வந்து கட்டிலுக்கடியில குனிஞ்சு பாக்கேன், பெட்டி இருந்த எடத்துல தூசி இல்லாம சதுரமா வெறுந்தரை. அன்னைக்கு ராத்திரி ஒழுங்காத் தூங்கலங்க. வந்துருவா, வராம எங்க போவா, இன்னைக்குப் பகல் வண்டியிலதான் வாரா, சாயங்காலம் வந்துருவா. வந்துருவா.

இந்தா, உள்ள விரிக்கிறதுக்குப் பழைய பிளக்ஸ் பேனரு. மண்ணு ஈரம் நேரா மரத்துல படக் கூடாதுல்லா. ஸ்கூல் பேனருதான், ‘எட்டுப் போட பயம் ஏன்’னு கொட்டை எழுத்துல, பக்கத்துல என் போட்டோ, அப்போ மீசை கறுப்பு. என் மூஞ்சி மேலதான் மல்லி முளைக்கப் போகுது, முளைக்கட்டும், மூஞ்சிக்கு அத விட என்ன மரியாதை வேணும். தண்ணி வடிய ஓட்டை போட்டாச்சு, ஒரு ஓட்டை சரியா மூக்குல விழுந்துட்டு. அதப் பாத்துதான் ஞானதுரை மூதி மெசின வாங்க வந்தவன் அந்தச் சிரிப்புச் சிரிச்சான். பெட்டியச் சுத்திச் சுத்தி வந்து, “என்ன அண்ணாச்சி, நீளத்தப் பாத்தா வேற எதுக்கோ அளவெடுத்த மாதிரில்லா இருக்கு”ங்கான். “உனக்குத்தாம்ல அளவெடுத்தேன், படுத்துப் பாக்கியா?”ன்னேன். சிரிச்சுக்கிட்டே காலால ஒரு தட்டுத் தட்டுனான், ஆடல. கையால அமுக்கிப் பாத்தான், ஆடல. அவனுக்கு ஆச்சரியந்தான், வாய்விட்டுச் சொல்ல மனசு வரல. “எம்புட்டு ஆழம்?”னான். “அரை அடி.” “என்ன வைக்கப் போறீய?” “மல்லி.” “அப்ப சரி, போதும்”னான். பாத்தீங்களா, அவனும் சொல்லிட்டான் போதும்னு. இன்னும் ஒரு வேல இருக்கு, மெசின் பொறவு தாரேன்னு அனுப்பிட்டேன். செம்மண்ணும் ஆட்டுப்புழுக்கையும் தேங்கா நாருத் தூளும் கலந்து வச்சது சாக்குல ரெடியா இருக்கு. கொட்ட வேண்டியதுதான் பாக்கி. அதுக்கு முன்னால ஒரு வார்த்த கேட்டுருவோம், புதினாவும் வேணுமான்னு. கேக்கணும்னு ஒண்ணும் இல்ல, நான்பாட்டுக்குப் போட்டுருவேன். ஆனா அவ குரலக் கேக்கணும் போல இருக்கு, அத ஏன் மறைப்பானேன். போனப் போட்டேன்.

“ஏம்மா, எங்க வந்துட்டிருக்க?” “திண்டுக்கல் தாண்டிடுச்சுங்க. நீங்க ஸ்டேஷனுக்கெல்லாம் வராதீங்க, நான் ஆட்டோல வந்துடறேன், உங்களுக்கு எதுக்குச் சிரமம்.” பாத்தீங்களா, உங்களுக்கு எதுக்குச் சிரமம். சொந்த வீட்டுக்கு வாரவ பேசுற பேச்சா இது? சரி, விடு. “நீ மல்லி வைக்கணும்னு சொன்னேல்லா, மல்லி மட்டும் போதுமா, கூட புதினாவும் போடவா?” அந்தப் பக்கம் லேசா ஒரு சிரிப்பு. “மல்லி கூட புதினாவா? போடுங்க, போடுங்க. எதுல வெக்கப் போறீங்க?” “அது வந்து பாரு. அரை அடி ஆழத்துக்கு ஒரு எடம் பண்ணிருக்கேன்னு வச்சுக்கோ.” “அரை அடியா?” ரயில் சத்தம் கடகடன்னு ஊடால. “மல்லிக்கு அரை அடி பத்துமாங்க? வேரு நல்லா கீழ எறங்குமே.” எனக்குச் சிரிப்பா வந்துட்டு. “எனக்குச் சொல்லித் தாரியாக்கும்? மல்லிக்கு அரை அடியே ஜாஸ்தி.” கொஞ்ச நேரம் ஒண்ணும் கேக்கல, சிக்னல் போயிட்டுன்னு நெனச்சேன். பொறவு, “சரிங்க.” வச்சுட்டா.

சரிங்க. இதுல என்ன இருக்கு, எப்பவும் சொல்லுற சரிங்கதான. மண்ணக் கொட்டுவோம். ஒரு சாக்கு... ஆனா எப்பவும் சொல்லுற சரிங்க மாதிரி இல்லயே. எப்பவும் வெடுக்குன்னு வரும், இது எங்கயோ போயிட்டு வந்துச்சு. கீழ வச்ச மாதிரி இருந்துச்சு அந்தச் சரிங்க. தப்பாப் பேசிட்டனோ? சொல்லித் தாரியாக்கும்னு கேட்டது கடுப்பாப் போச்சோ? அது விளையாட்டுக்குத்தான கேட்டேன். ஸ்கூல்ல பேசிப் பேசி நம்ம விளையாட்டும் அதட்டுற மாதிரிதான் வரும், அது அவளுக்குத் தெரியுமே. வேரு கீழ எறங்குமேன்னா. மல்லிக்கு எங்க வேரு எறங்குது? கடையில கட்டுக் கட்டா வேரோடதான குடுக்கான், சுண்டுவெரல் நீளங்கூட இருக்காது, மண்ணு ஒட்டிக்கிட்டு வெள்ளையா. மெட்ராசுலயும் அப்படித்தான குடுப்பான். அவ பாக்காத மல்லியா? தெனமும் அவதான வேரக் கிள்ளிப் போட்டுட்டு, தழையக் கழுவி, “கொத்தமல்லி வாடிப் போச்சுங்க, நாளைக்கு வேற வாங்கணும்”னு... கொத்தமல்லி. ஆமா, அவ கொத்தமல்லின்னுதான் சொல்லுவா. இங்க வந்த புதுசுல கடைக்காரன்கிட்டயும் அப்படித்தான் கேட்டா, நான்தான் “மல்லித்தழைன்னு சொல்லும்மா, கொத்தெல்லாம் எதுக்கு”ன்னேன். வெதையச் சொன்னா தனியாம்பா. வந்த மொத மாசம் அடுப்படியில நின்னு “இன்னைக்குத் தனியா வறுக்கணுங்க”ன்னா, நான் “எதுக்குத் தனியா வறுக்க, நானும் கூட நிக்கேன்”னு போயி அடுப்புப் பக்கத்துல நின்னுட்டேன். அவ என்னயப் பாத்தா, சட்டியப் பாத்தா, பொறவு கரண்டியக் கீழ வச்சுட்டுக் கண்ணுல தண்ணி வரச் சிரிச்சா. அவ சிரிச்சு நான் பாத்தது அதான் மொத தடவ. அப்போ தழைன்னா கொத்தமல்லி. வெதைன்னா தனியா. அப்போ மல்லின்னு வெறுமனே சொன்னா... மல்லின்னு அவ வெறுமனே எதச் சொல்லுவா?

அட என் மடத்தனமே. பூவு. மல்லிப்பூ. எங்க ஊர்ல பூவுன்னா பூவும்போம், பிச்சிம்போம், மல்லிகப்பூவும்போம், மல்லின்னா கறிக்குப் போடுறதுதான். அவ ஊர்ல மல்லின்னா தலையில வைக்கிறது. அவ பூச்செடி கேட்டுருக்கா. பதினோரு வருசம் பூ வைக்காதவ, தெருவப் பாத்துக்கிட்டு, என் மூஞ்சியப் பாக்காம, பூச்செடி கேட்டுருக்கா. அத நான் ரசத்துல கிள்ளிப் போட்டுட்டேன். போதாக்கொறைக்கு அரை அடியே ஜாஸ்தின்னு சட்டம் வேற பேசிருக்கேன். ஏலே தவசி, நீ எல்லாம் ஒரு மனுசனால? கழுகுமலைக் கோயில்ல வச்சுத் தாலி கட்டுன அன்னைக்கு அவ தல நெறயப் பூ வச்சிருந்தா. கை அடிக்கடி பின்னால போயிப் போயித் தொட்டுப் பாத்துக்கிட்டே இருந்துச்சு, அது கனம் பழகலயோ, இருக்கான்னு பாத்தாளோ. என் பெரியக்கா பேச்சியம்மா சும்மா இருக்க மாட்டாளே, பந்தியில உக்காந்து எல இருக்கையிலயே, “இந்த வயசுல இம்புட்டுப் பூவா”ன்னுட்டா. நான் விடல. “உன் தலையிலயாக்கா வச்சிருக்கா? நீ சோத்த தின்னு”ன்னேன். அத்தன பேரு முன்னால, அதுவும் மூத்தவள. எனக்கு அதுல இன்னைக்கும் பெருமதான், மறுபடி சொன்னாலும் மறுபடி அதத்தான் சொல்லுவேன். ஆனா வார்த்த அவ காதுல விழுந்துட்டு. மறுநாள் காலையில இருந்து தல பூவில்லாம மொட்டையாத்தான் இருக்கு. ஒரு நா பஸ் ஸ்டாண்டுல ரெண்டு மொழம் வாங்கி எலயோட கொண்டாந்து குடுத்தேன், “சாமிக்கு இருக்கட்டுங்க”ன்னு படத்துக்குப் போட்டுட்டா. நானும் அப்படியே விட்டுட்டேன், ஒரு வேள புடிக்காது போலன்னு. புடிக்காதா? கடையில வாங்குன பூவுன்னா பூக்காரி ஒரு பார்வை பாப்பா, பக்கத்து வீட்டுக்காரி ஒரு பார்வை பாப்பா. சொந்தப் பால்கனியில பூத்தா, காலையில குளிச்சுட்டு வந்து ரெண்டு கிள்ளிச் சொருகிக்கிட்டா, எவ கேப்பா? எவ கேக்க முடியும்? எம்புட்டு நாளு யோசிச்சிருப்பா அந்த ஒரு வார்த்தயச் சொல்லுறதுக்கு. அந்தப் பாதகத்திக்கு எம்புட்டுத் தைரியம் வேணும். இப்போ ரயில்ல சன்னல் ஓரத்துல உக்காந்து, சரி, இந்த மனுசனுக்கு வெளங்கல, விட்டுருவோம்னு நெனச்சிருப்பா. விட்டுட்டாள்னா போச்சு. இன்னொரு தடவ கேக்கவே மாட்டா. அந்த ரெண்டு தட்டும் காலியாவே கெடக்கும், பெட்டி கட்டிலுக்கடியிலயே உரசும், நான் சாகுற வரைக்கும் எனக்குப் பரவால்லங்க சரிங்க பரவால்லங்க சரிங்க.

கீழ போயி ஞானதுரைகிட்ட ஒரு ஓட்ட டிரம்மு கேட்டா குடுப்பான், அதுல மண்ணப் போட்டு வைக்கலாம். கறிக்கு மட்டும் வேப்பமரத்துல பெட்டி, அவ பூவுக்கு ஓட்ட டிரம்மா? போடா. இந்தப் பெட்டியிலதான் வைக்கணும், இதத்தான் அவளுக்குன்னு செஞ்சேன். பிரிச்சு ஒசரமா அடிப்போமா? பலகை பத்தாது, நேரமும் பத்தாது, வண்டி இந்நேரம் மதுரைக்கிட்ட வந்திருக்கும். யோசி தவசி, யோசி. மேல ஏத்த முடியாது. மேல முடியாதுன்னா... கீழ. பெட்டிக்குக் கீழ என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல, பெஞ்சுக் காலுக்கு ஊடால ஒண்ணரை அடி சும்மாத்தான கெடக்கு! ஒரு ஓரத்துல அடிப் பலகைய வெட்டி எடுத்துட்டு, அதுக்கு நேரா கீழ ஒரு கூடு அடிச்சு இறக்கிட்டா? கெணறு மாதிரி. மேல அரை அடி, கீழ ஒண்ணரை அடி, ரெண்டு அடி ஆழம், வேரு எறங்கட்டும், எம்புட்டு வேணும்னாலும் எறங்கட்டும். சாயுற பலகை இன்னொண்ணு மிச்சம் இருக்கு. நல்லவேள, மெசினத் திருப்பிக் குடுக்கல. மண்ண மறுபடி சாக்குல அள்ளு. பிளக்ஸ அந்த ஓரத்துல சுருட்டு. கோடு போட்டு, கோட்டு மேல வரிசையா ஓட்டை, ஓட்டைக்கும் ஓட்டைக்கும் ஊடால உளிய வச்சுத் தட்டு. தட்டு, தட்டு, வெரலப் பாத்து, அய்யோ அம்மா, சரி, அது ஏற்கெனவே கறுத்த வெரல்தான். விழுந்துட்டு துண்டு. சதுரமா இல்ல, ஆமை ஓடு மாதிரி இருக்கு, இருக்கட்டும், மண்ணு மூடிரும். இப்போ பலகைய நாலா அறு, கூடு அடி. தண்ணி குடிக்கக்கூட நேரம் இல்ல. சட்ட முதுகோட ஒட்டிக்கிட்டு. படுத்துக்கிட்டுத்தான் கீழ இருந்து திருப்புளிய முடுக்க முடியுது, மரத்தூளு கண்ணுல கொட்டுது, பாத்தா பெட்டிக்குக் கீழ நான் மல்லாக்கப் படுத்துக் கெடக்கேன், ஞானதுரை பய பாத்தா அளவு சரியா இருக்குன்னுருவான். இறங்கு, இறங்கு, இன்னும் ஒரு சுத்து... புடிச்சுக்கிட்டு. அடியில செங்கல்ல முட்டுக் குடு. ஆட்டிப் பாரு. ஆடல! ஆடலங்க! என் ஆயுசுல இப்படி ஒரு வேல நான் செஞ்சதில்ல. மொத செஞ்சத விட இதுதான் ஒசத்தி, சும்மா சொல்லல, மொத செஞ்சது வெறும் பெட்டி, இதுல ஒரு வெவரம் இருக்கு. மண்ண நெறச்சாச்சு. மல்லி வெதைய செருப்பால தேச்சு ரெண்டா ஒடச்சு இந்த நீளத்துல தூவியாச்சு, புதினாக் குச்சி நாலு ஊனியாச்சு. அந்த ஆழமான ஓரத்துல மட்டும் ஒண்ணும் வைக்கல. அது அவ எடம். எந்தச் செடி, எந்தக் கடையில, குண்டுமல்லியா ஊசிமல்லியா, எல்லாம் அவ சொல்லட்டும்.

ஆட்டோ நின்ன சத்தம். கேட்டு. படியில அவ மெட்டி சத்தம், பெட்டி படியில இடிக்கிற சத்தம். போயி வாங்கணும், ஆனா கையெல்லாம் செம்மண்ணு. வந்துட்டா. வாசல்ல பெட்டிய வச்சுட்டு நேரா இங்க வாரா, மொகத்துல ரயில் தூசி. “இன்னாங்க இது, கையெல்லாம் ரத்தமா?” “ரத்தம் இல்ல, மண்ணு. கொஞ்சம் ரத்தமும்.” அவ என் கையப் பாக்கல இப்போ, செடிப் பெட்டியப் பாக்கா. இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் பாத்துட்டு, அந்த மூலையில வந்து நின்னு, குனிஞ்சு கீழ இறங்குற கூட்டப் பாத்தா. “இது எதுக்கு இவ்ளோ ஆழமா?” “மல்லிக்கு.” “மல்லிக்கு அரை அடியே ஜாஸ்தின்னீங்க.” “அது எங்க ஊரு மல்லிக்கு”ன்னேன். “இது உங்க ஊரு மல்லிக்கு.” அவ வெரலால அந்த ஓரத்து மண்ணக் குத்திப் பாத்தா, மணிக்கட்டு வரைக்கும் உள்ள விட்டா, விட்டபடியே நின்னா. மூக்க மட்டும் ஒரு தடவ உறிஞ்சுனா. நான் தொண்டையச் செருமுனேன். நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லுவா, நானே செஞ்சேன்னு சொல்லணும், ஆள் வைக்கல, மெசின் மட்டுந்தான் வாங்குனதுன்னு வாயி வரைக்கும் வந்து நிக்கி. அவ கையில ஒட்டுன மண்ணத் தட்டிட்டு நிமிந்து, மேல பாத்தா, சன்னல் மறைப்பப் பாத்தா, தெருவுக்கு அங்கிட்டு மாடி வீட்டப் பாத்தா. அவ நெத்தி சுருங்கிட்டு.

“இங்க போய் வெச்சிருக்கீங்களே, இங்க வெயில் எங்க வரும்? அந்த வீட்டு நெழல் விழுந்துடும் ஒம்போது மணிக்கெல்லாம். காலைல வெயில் வர்றது அதோ அந்த மூலைலதான். தெனம் பாக்கறேன்ல நான்.” “மண்ண நெறச்சாச்சேம்மா, கனக்குமே. நாளைக்கு ஞானதுரையக் கூப்பிட்டு...” “கனத்தா கனக்கட்டும். ஞானதுரை எதுக்கு? நம்ம ரெண்டு பேர் இல்ல?” சேலை முந்தானைய இழுத்து இடுப்புல சொருகிட்டா. பெட்டியோட ஒரு தலமாட்டுல ரெண்டு கையையும் குடுத்து, காலக் கொஞ்சம் அகட்டி நின்னுக்கிட்டு, இன்னும் சும்மா நிக்கிற என்னய ஏறிட்டுப் பாத்தா. “பாத்துனு நிக்காத. அந்தாண்ட புடி.” புடி. புடிங்க இல்ல, புடி. அவளுக்குத் தெரிஞ்சுதா என்னமோ, மொகத்துல ஒண்ணும் இல்ல, கண்ணு அந்த வெயில் மூலையிலதான் இருக்கு. இந்தத் தவசிமுத்துவ இந்த ஊர்ல எவனும் இப்படி அதட்டுனதில்ல. எனக்கு நெஞ்சு அப்படியே விம்மிருச்சு. இடுப்பு போனாலும் போகட்டும்னு குனிஞ்சு, அந்தாண்ட புடிச்சேன்.